டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500: கையில் 2500 பவுண்டு, எங்கே தொடங்குவது?

கோவென்ட்ரிக்காரன்:

வணக்கம். இதுவரை இங்கே படிப்பதோடு சரி. இப்போது ஒரு வண்டி வாங்கி மாட்டிக்கொண்டதால் எழுதுகிறேன்.

1977 டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500, இரண்டு சீட்டுள்ள பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். ஒரு பெரியவரின் கராஜில் பல வருடம் அசையாமல் நின்றது. 900 பவுண்டுக்குக் கொடுத்தார். பழைய ஒர்க்‌ஷாப் புத்தகமும் ஒரு பெட்டி நிறைய நட்டு போல்ட்டும் இலவசம். இன்ஜினைக் கையால் திருப்பினால் சுற்றுகிறது. லாக்புக் (பதிவுப் புத்தகம்) இருக்கிறது. பார்வைக்குத் துரு அதிகமில்லை, கதவுக்குக் கீழே மட்டும் யாரோ கறுப்புப் பெயிண்டைக் கனமாக அடித்திருக்கிறார்கள். இந்த வண்டியைச் செய்த கேன்லி தொழிற்சாலை என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில்தான் இருந்தது. இப்போது அங்கே ஆபீஸ் கட்டடங்கள். அதனாலேயே வேறு எதுவும் வேண்டாம், இதுதான் வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

கையில் மிச்சம் 2500 பவுண்டு. அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது, வீட்டில் பேசி முடித்த கணக்கு. வெல்டிங் தெரியாது, கற்றுக்கொள்ளத் தயார். ஒற்றைக் கார் கராஜ், அதிலேயே வாஷிங் மெஷினும் நிற்கிறது.

என் திட்டம் இது: எல்லாவற்றையும் பிரித்து, பாடியைச் சேசிஸிலிருந்து (அடிச்சட்டம்) தூக்கி, சேசிஸுக்குப் பெயிண்ட் அடித்து, இன்ஜினை முழுசாக ஓவர்ஹால் செய்து, கடைசியில் வண்டி முழுக்கக் கரும்பச்சை ஸ்ப்ரே. வரிசை சரிதானா?

ஹெரால்டு மாமா (சென்னை):

தம்பி, முதல் வேலையாக அந்தத் திட்டத்தை மடித்து உள்ளே வையுங்கள்.

நான் ஸ்பிட்ஃபயர் ஓட்டியதில்லை. ஆனால் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு அடியில் படுத்தே பாதி ஆயுளைக் கழித்தவன். 1961-லிருந்து ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் கம்பெனி இங்கே மெட்ராஸில் ஹெரால்டு செய்தது. ஸ்பிட்ஃபயர் அந்த ஹெரால்டுக்கு உடன்பிறந்த தங்கச்சி. இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிச்செலாட்டி. ஸ்பிட்ஃபயர் மாதிரி வண்டியைச் செய்து, பணமில்லாமல் ஒரு மூலையில் துணி போட்டு மூடி வைத்திருந்தார்களாம். 1961-ல் லேலண்டு நிறுவனம் டிரையம்ஃபை வாங்கியபோது புது முதலாளிகள் துணியை விலக்கிப் பார்த்துச் சம்மதம் சொன்னார்கள், அடுத்த வருடமே விற்பனைக்கு வந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். ஹெரால்டு சேசிஸுக்கு இரண்டு பக்கமும் நீளக் கம்பிகள் உண்டு, பாடியின் பாரத்தை அவை தாங்கும். ஸ்பிட்ஃபயரில் அதை எடுத்துவிட்டார்கள். நடுவில் ஓடும் சேசிஸ் மட்டும்தான். பக்கத்து பலம் முழுக்கக் கதவுக்குக் கீழே இருக்கும் சில் பெட்டியில். அது இற்றுப்போனால் வண்டி நடுவில் தொய்யும். கறுப்புப் பெயிண்ட் கனமாக இருக்கிறது என்றீர்களே, எனக்குப் பயமே அங்கேதான்.

ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றை எடுத்து, மெல்லிய துணி சுற்றி, சில் முழுக்க மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எங்கே பிடிப்பு விடுகிறதோ அங்கே தகடு இல்லை, பட்டிதான். அப்புறம் கதவை மூடி, அதன் பின் விளிம்பில் இருக்கும் இடைவெளியைக் கவனியுங்கள். மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால் வண்டி தொய்ந்துவிட்டது. கார்ப்பெட்டையும் தூக்குங்கள். சீட்டுக்குப் பின்னால் பின் சஸ்பென்ஷனின் கம்பி வந்து பாடியில் மாட்டும் இடம் கட்டாயம் பார்க்க வேண்டியது.

பாடியைத் தூக்கவே தூக்காதீர்கள். சில் பலமில்லாத வண்டியைத் தூக்கினால் நடுவில் மடங்கும், மறுபடி கதவு அந்த ஓட்டையில் உட்காராது.

கணக்குப்பிள்ளை (ஹாரோ):

மற்றவர்கள் சொல்லத் தயங்குவதை நான் சொல்லிவிடுகிறேன். 1962 முதல் 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் ஸ்பிட்ஃபயர் செய்தார்கள். அபூர்வமான வண்டி இல்லை. யாரோ ஒருவர் பல ஆயிரம் கொட்டி முழுசாகச் செய்து முடித்துவிட்டு, செலவில் பாதிக்கு விற்கத் தயாராக எப்போதும் இருப்பார். அந்த நஷ்டம் அவரோடு போகட்டும். வாங்கிய வண்டியை அப்படியே விற்றுவிட்டு, கைக்காசையும் சேர்த்து ஓடுகிற வண்டி ஒன்றை எடுங்கள். கோடைக்கே ரோட்டில் இருப்பீர்கள்.

கோவென்ட்ரிக்காரன்:

கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுவதற்கு மட்டும் எனக்கு வண்டி வேண்டியதில்லை. வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை கையில் கிரீஸ் பட வேண்டும். அதற்குத்தான் வாங்கினேன். காந்தத்தோடு கராஜுக்குப் போகிறேன்.

ராஜி (ஒஹாயோ):

மாமா சொன்னதற்கு நானும் ஓட்டுப் போடுகிறேன். இங்கே விளம்பரங்களைப் பாருங்கள்: 'பிராஜெக்ட் கார், முழுசாகப் பிரித்தது, எல்லா பாகமும் பெட்டியில் உண்டு.' அப்படி விற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் உங்களுடைய இதே திட்டத்தோடு தொடங்கியவர்கள். பணம் குறைவாக இருப்பவர் வண்டியை எப்போதும் நான்கு சக்கரத்தில் உருளும்படி வைத்திருக்க வேண்டும். ஒரு மூலையைக் கழற்று, சரிசெய், மாட்டு, அடுத்த மூலைக்குப் போ. பாதியில் வேலை நின்றாலும் கையில் ஒரு கார் இருக்கும்.

என்னிடம் இருப்பது அமெரிக்க மாடல். எங்களுக்கு இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் கொடுக்கவில்லை, புகைக் கட்டுப்பாட்டுக்காக ஒற்றை ஸ்ட்ரோம்பெர்க். இன்ஜின் அதே 1493 சிசிதான். எம்ஜி மிட்ஜெட் 1500-லும் இதையேதான் போட்டார்கள்.

இந்த இன்ஜினில் காசு செலவு செய்யும் முன் ஒரே ஒரு சோதனை. முன்பக்கம் கிராங்க் (இன்ஜினின் சுழலும் தண்டு) புல்லியைப் பார்த்துக்கொண்டு இன்னொருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லுங்கள். புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னே நகர்ந்தால் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. கிராங்க் முன்னும் பின்னும் ஆடாமல் பிடிப்பவை அந்த அரைவட்டத் துண்டுகள்தான். அவை முழுசாகத் தேய்ந்து கழன்று சம்ப்பில் (அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி) விழுந்தால் கிராங்க் நேராகப் பிளாக்கைத் தேய்க்கத் தொடங்கும், அப்புறம் பிளாக்கே போச்சு. இடைவெளி 0.1 முதல் 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

ஏ40 (ஈஸ்ட்ஹாம்):

வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 ஓடின ஆள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை நேரம், காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின கார்கள் அவை. பழைய இங்கிலிஷ் இன்ஜின் லேசில் சாகாது. அதைப் பற்றிப் பிறகு கதைப்பம். சாகிறது தகடுதான்.

வெல்டிங் தெரியாது என்று பயப்பட வேண்டாம். உங்கடை பக்கத்தில் மாலை நேர வகுப்பு இருந்தால் சேருங்கோ. இல்லையென்றால் பழைய வாஷிங் மெஷின் தகட்டை வெட்டி அதிலை பழகுங்கோ (கராஜில் நிற்கிறதை அல்ல). மெஷின் வாங்கும்போது காஸ் இல்லாத மலிவு மிக் வெல்டர் வேண்டாம். கார் தகடு ஒரு மில்லிமீற்றர்தான் வரும், அது சும்மா ஓட்டை போட்டுக்கொண்டே போகும். காஸ் போடக்கூடிய பழைய மெஷின் ஒன்றை செகண்ட் ஹாண்டில் எடுங்கோ. 0.6 மி.மீ. கம்பி போதும். ஒரே இழுப்பில் நீளமாக ஓட்டக் கூடாது, தகடு சூட்டில் நெளிந்துவிடும். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, ஆற விட்டு நடுவில் ஒரு புள்ளி.

சில்லை வெட்டுவதற்கு முதல் கதவைக் கழற்றி, வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் போடுங்கோ. ஒரு பக்கம் கதவுக் கீல் போல்ட் ஓட்டைகளிலேயே மாட்டலாம், மற்றப் பக்கம் பூட்டுத் தகடு இருக்கும் இடத்தில். நடுவில் திருகி நீளம் கூட்டிக் குறைக்கிற மாதிரி செய்தால் தொய்ந்த வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தலாம். கார் தன் சக்கரத்தில் அல்லது அச்சுக்குக் கீழே ஸ்ராண்டில் நிற்க வேண்டும், பாடியில் ஜாக் வைக்கக் கூடாது. ஒரு பக்கம் முழுசாக முடித்து, கதவைப் பூட்டிப் பார்த்து, பிறகுதான் மற்றப் பக்கத்தைத் தொடுங்கோ.

பெற்றோல் ராங்க் சீட்டுக்குப் பின்னால், டிக்கிக்குள் இருக்கிறது. அதைக் கழற்றி வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் நெருப்பைக் கொளுத்த வேண்டும். வெறும் ராங்க் இன்னும் ஆபத்து, ஆவி நிற்கும். பற்றரியையும் ஓல்ரனேற்றரையும் கழற்றிவிடுங்கோ. வேலை முடிந்து உடனே கராச்சைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போகாதேங்கோ. அரை மணித்தியாலம் அங்கேயே நில்லுங்கோ.

கோவென்ட்ரிக்காரன்:

காந்தம் பேசிவிட்டது.

ஓட்டுநர் பக்கம் சில்லின் பின்பாதியில் ஒட்டவே இல்லை. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். கறுப்புப் பெயிண்டுக்குக் கீழே பட்டி, பட்டிக்குக் கீழே ஃபைபர்கிளாஸ் துணி, அதற்கும் கீழே சுருட்டித் திணித்த செய்தித்தாள். அதில் ஒரு கால்பந்து ஸ்கோர் இன்னும் படிக்க முடிகிறது. மறுபக்கம் பரவாயில்லை, முன் நுனியில் மட்டும் விரல் நுழைகிற ஓட்டை. கதவு இடைவெளி மேலே தீக்குச்சிகூடப் போகாது, கீழே சுண்டுவிரல் தாராளமாகப் போகிறது. தரையில் ஓட்டுநரின் குதிகால் படும் இடம் சல்லடை. மாமா சொன்ன பின் சஸ்பென்ஷன் இடம் நல்லவேளையாகக் கெட்டியாக இருக்கிறது.

கிளட்ச் பெடல் மிதித்தால் வெறும் காற்று, ஆயிலே இல்லை. அதனால் புல்லியை நெம்பிப் பார்த்தேன். டயல் கேஜில் 0.4 மி.மீ. காட்டுகிறது. இன்ஜினைக் கழற்ற வேண்டியதுதானா?

ராஜி (ஒஹாயோ):

வேண்டாம். 0.4 என்றால் தேய்ந்திருக்கிறது, விழவில்லை. இன்ஜின் வண்டியிலேயே இருக்கட்டும். சம்ப்பை இறக்கி, கடைசி மெயின் பேரிங்கின் கேப்பைக் கழற்றினால் இரண்டு பக்கமும் அந்த அரைவட்ட வாஷர்கள் இருக்கும். பழையதை வழுக்கித் தள்ளிவிட்டுப் புதியதை அதே வழியில் நுழைக்க வேண்டும். வெள்ளை உலோகம் பூசி, எண்ணெய்க்கு வரி வெட்டிய பக்கம் கிராங்கைப் பார்க்க வேண்டும். இதைத் திருப்பி மாட்டினால் கொஞ்ச தூரத்திலேயே கிராங்கைத் தின்றுவிடும். இடைவெளி இன்னும் அதிகமாக வந்தால் கனமான ஓவர்சைஸ் வாஷரும் விற்கிறார்கள். இன்ஜின் வேலையில் இதைவிட மலிவானதும் இல்லை, முக்கியமானதும் இல்லை.

சம்ப் கீழே இருக்கும்போதே ஒரு பிக் எண்டு (பிஸ்டன் தண்டின் கீழ்முனை) கேப்பைக் கழற்றி பேரிங்கைப் பாருங்கள். செம்பு நிறம் தெரியாவிட்டால் மூடிவிடலாம். பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் வரும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள், அப்புறம்தான் பெட்ரோல். ஃபில்டர் வாங்கும்போது எண்ணெய் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கடகடவென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் ஃபில்டர் ராத்திரியில் காலியானதுதான் காரணம்.

ஹெரால்டு மாமா (சென்னை):

சில் விஷயம் பயந்தபடியே ஆச்சு. பரவாயில்லை, ஏ40 அண்ணன் சொன்ன முறையில் போனால் நிமிரும்.

நான் சொல்ல விட்டது ஒன்று உண்டு, உயிர் சம்பந்தப்பட்டது. முன் சக்கரத்துக்குப் பின்னால் கீழே, பித்தளை நிறத்தில் ஒரு கட்டி இருக்கும். டிரனியன் என்பார்கள். மேலிருந்து வரும் இரும்புத் தண்டின் மறை அதற்குள் திருகி நிற்கிறது. நீங்கள் ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மறைதான் சுழல்கிறது. அதற்குள் போக வேண்டியது கியர் ஆயில், இ.பி. 90. கிரீஸ் இல்லை. இங்கே தொண்ணூறு சதவீதப் பட்டறைகளில் எல்லா நிப்பிளுக்கும் அடிக்கிற கிரீஸையே இதற்கும் அடித்தார்கள். அது மறைக்குள் இறங்காமல் காய்ந்து கட்டியாகும். உள்ளே தண்ணீர் நின்று துருப்பிடித்து, ஒரு நாள் வளைவில் தண்டு முறிந்து சக்கரம் படுத்துவிடும். ஹெரால்டு முன்சக்கரம் மடங்கி ரோட்டோரம் நிற்பதை அந்தக் காலத்து மெட்ராஸ்காரர்கள் பார்த்திருப்பார்கள்.

கழற்றிப் பாருங்கள். மறையின் அடியில் துருவோ கீறலோ இருந்தால் தண்டையே மாற்றுங்கள், அங்கே காசு பார்க்காதீர்கள். இடம் வலம் வேறு வேறு மறை, மாற்றி வாங்கிவிடாதீர்கள். பழைய கிரீஸ் கன் ஒன்றைச் சுத்தம் செய்து, கியர் ஆயிலை ஊற்றி, மேலே வழியும் வரை அடிக்க வேண்டும். ஒழுகும், தரை அசிங்கமாகும். ஒழுகினால்தான் சரி.

பின்பக்கத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பழைய ஹெரால்டில் வேகமாக வளைத்தால் பின்சக்கரம் உள்ளே மடியும். 1970-க்குப் பிறகு வந்த ஸ்பிட்ஃபயரில் பின் ஸ்பிரிங் பட்டையை மாற்றிச் சரிசெய்துவிட்டார்கள். இங்கே நம் கம்பெனி அந்த வம்பே வேண்டாமென்று, ஹெரால்டுக்குப் பின் வந்த கெஸல் காரில் நேர் ஆக்ஸிலே போட்டுவிட்டது.

கணக்குப்பிள்ளை (ஹாரோ):

சரி, விற்கப் போவதில்லை என்று தெரிகிறது. அப்போது காசையாவது ஒழுங்காகப் பிரிப்போம்.

2500-ல் பாதியை தகடு, வெல்டிங் மெஷின், காஸ் இதற்கு ஒதுக்குங்கள். சில் ஒன்று என்று நினைக்காதீர்கள்: வெளித்தகடு, நடுவில் பலத் தகடு, உள்தகடு என்று மூன்று. மூன்றையும் சேர்த்து வாங்குங்கள். பழையதன் மேல் புதுத்தகட்டைப் போர்த்தி ஒட்டுவது உங்கள் வண்டியில் செய்தித்தாள் திணித்தவர் செய்த அதே வேலை. கால்பங்கு பிரேக், கிளட்ச் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ், முன் சஸ்பென்ஷன், டயர். டயரில் பட்டன் தேயவில்லை என்று ஏமாறாதீர்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மூன்று இலக்கம்தான் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், பேசாமல் தூக்கிப் போடுங்கள். மிச்சமுள்ள கால்பங்கைத் தொடாதீர்கள். அது தானாகவே செலவாகும்.

பெயிண்டுக்கு நான் ஒன்றும் ஒதுக்கவில்லை, வேண்டுமென்றேதான்.

கோவென்ட்ரிக்காரன்:

பெயிண்ட் இல்லாமலா? பானெட் பாதி சிவப்பு, பாதி பிரைமர். கரும்பச்சை கனவு...

ராஜி (ஒஹாயோ):

கனவு அடுத்த வருடம் வரை காத்திருக்கும். கராஜில் டூ-கே பெயிண்ட் (ஹார்டனர் கலந்து அடிப்பது) அடிக்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை: அதில் ஐசோசயனேட் இருக்கிறது, கடையில் விற்கும் சாதாரண மாஸ்க் அதற்குப் போதாது. வெளிக்காற்று குழாயில் வரும் முகமூடி வேண்டும். வீட்டோடு ஒட்டிய கராஜில் நினைத்தே பார்க்காதீர்கள். வெல்டிங் செய்த இடங்களுக்குப் பிரைமரும் கையில் அடிக்கும் ஸ்ப்ரே டப்பாவும் போதும். இரண்டு நிறத்தில் ஓடினால் வண்டி கோபித்துக்கொள்ளாது.

ஏ40 (ஈஸ்ட்ஹாம்):

ராஜி சொன்னது சரி, ஆனால் பானெட்டை அப்படியே பிரைமரில் விட்டு ஓடேலாது. பிரைமர் தண்ணியை உறிஞ்சும். அடித்துவிட்டு மழைக்குள் விட்டால் கீழே துரு ஓடும். நிறம் எதுவென்றாலும் பரவாயில்லை, பிரைமருக்கு மேல் கட்டாயம் பெயிண்ட் போடுங்கோ. ரோலரில் எனமல் அடித்து, தண்ணி விட்டு உரசி, மீண்டும் அடித்து ஆக்கள் கண்ணாடி மாதிரி எடுத்திருக்கினம். நேரம்தான் போகும், காசு போகாது.

கோவென்ட்ரிக்காரன்:

ஓட்டுநர் பக்க சில் முடிந்தது. வெல்டிங் அழகில் சேராது, கிரைண்டர்தான் மானத்தைக் காப்பாற்றியது. ஆனால் கதவை மூடினால் ஒரே சத்தத்தில் பூட்டுகிறது, இடைவெளி மேலும் கீழும் ஒன்றுபோல. டிரனியன் கழற்றியாயிற்று. வலப்பக்கம் சுத்தம். இடப்பக்கத் தண்டின் மறையில் பாதி துருவாகக் கொட்டியது, புதியது வரவழைத்திருக்கிறேன். த்ரஸ்ட் வாஷர் மாற்றினேன், இப்போது 0.15.

இரண்டு கேள்விகள். வயரிங்கில் யாரோ கண்டபடி கை வைத்திருக்கிறார்கள், புது ஹார்னஸ் (முழு வயர் கட்டு) விலை கேட்டால் தலைசுற்றுகிறது. பெட்ரோல் எது போடுவது?

ஹெரால்டு மாமா (சென்னை):

வயரிங்கை லூகாஸ் நிறத்தை வைத்துத் தேடுங்கள். பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, ஃப்யூஸ் கிடையாது, ஜாக்கிரதை. வெள்ளை இக்னிஷன். பச்சை, இக்னிஷனுக்குப் பிறகு ஃப்யூஸ் வழியாக வருவது. ஊதா, சாவி இல்லாமலே ஃப்யூஸ் வழியாக. நீலம் ஹெட்லைட், சிவப்பு சின்ன லைட், கறுப்பு எர்த். வேறு நிறங்களும் கோடு போட்ட வயர்களும் உண்டு, அதனால் புத்தகத்தின் வயரிங் படத்தோடு ஒப்பிடுங்கள். அந்தப் படத்தில் இல்லாத வயர் எது கண்ணில் பட்டாலும் அது பெரும்பாலும் பிற்காலத்தில் யாரோ சொருகியது. அதை எடுங்கள். எல்லா எர்த் போல்ட்டையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்குங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே போகும், புது ஹார்னஸ் தேவைப்படாது.

கணக்குப்பிள்ளை (ஹாரோ):

பெட்ரோலுக்கு நான் சொல்கிறேன். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் இ10, பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸை அது இளக்கிவிடும், சூடான இன்ஜின் மேல் ஒழுகும். ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் புதியதாக மாற்றுங்கள், மீட்டர் கணக்கில் வாங்கினால் சில பவுண்டுதான். அதன் பிறகும் சூப்பர் பெட்ரோலே போடுங்கள், பெரும்பாலும் அது இ5, எத்தனால் குறைவு.

காகித வேலையும் இருக்கிறது. 40 வயதைத் தாண்டிய வண்டிக்கு, பெரிய மாற்றம் செய்யாதவரை, 2018 மே முதல் எம்.ஓ.டி. (வருடாந்தர வாகனச் சோதனை) கட்டாயமில்லை. வரியும் பூஜ்யம், ஆனால் வரலாற்று வாகனம் என்று பதிந்து, வருடாவருடம் அந்தப் பூஜ்ய வரியைப் போட்டாக வேண்டும். கட்டாயமில்லை என்பதற்காக எம்.ஓ.டி.யை விட்டுவிடாதீர்கள். நீங்களே வெல்டிங் செய்து, நீங்களே பிரேக் மாட்டிய வண்டி. வேறொரு கண் அடியில் பார்க்கட்டும், அந்தக் கட்டணம் என் கால்பங்கிலிருந்து வரட்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது விலையை முன்கூட்டியே ஒத்துக்கொள்ளும் கிளாசிக் பாலிசியாகப் பாருங்கள், வேலையின் படங்களைக் கேட்பார்கள். செய்தித்தாள் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், பழைய சில் முழுக்க வெட்டி எடுத்ததற்கு அதுவே அத்தாட்சி.

ஏ40 (ஈஸ்ட்ஹாம்):

மற்றப் பக்கத்தைத் தொடங்க முதல் ஒன்று: முடித்த சில்லுக்குள் இளக்கின மெழுகு அடிக்க வேணும். நீளக் குழாய் வைத்த டப்பா விற்கிறார்கள். அடியில் தண்ணி வடியிற ஓட்டைகளை வெல்டிங்கில் மூடியிருந்தால் முதலில் அவற்றைத் திறவுங்கோ, மெழுகு காய்ந்த பிறகு ஒரு கம்பி விட்டுத் திரும்பவும் குத்திப் பாருங்கோ. வெயில் நாளில் செய்தால் மெழுகு மூலைக்குள் நல்லா ஓடும்.